ஒரே கட்டளை, பல ஊர்கள்

தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழர் எவருக்கும் முதல் சில மாதங்களில் ஒரு சிறு அனுபவம் வாய்க்காமல் போவதில்லை. தாம் நன்கறிந்த ஒரு சொல் அவ்வூரில் வேறு பொருள் பூண்டு எதிரே வந்து நிற்கும். தில்லியில் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கோப்பின் மேல் ‘அவகாஷ்’ என்று இந்தியில் எழுதியிருக்கக் கண்டேன். பதில் எழுத நமக்குக் கால அவகாசம் தந்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணி மகிழ்ந்தேன். அருகிலிருந்த நண்பர் சிரித்துவிட்டார். அது விடுமுறை விண்ணப்பங்களை வைக்கும் கோப்பு! அவ்வாறே, நாம் உபந்நியாசம் என்றால் சமயச் சொற்பொழிவைக் கருதுகிறோம். இந்தி பேசுவோர் ‘உபன்யாஸ்’ என்றால் நாவலைக் கருதுகிறார்கள்.

மனிதர் பேசும் மொழிகளில் நேரும் இந்தச் சங்கடம் கணிப்பொறிகளுக்கு இடும் கட்டளைகளிலும் நேருகிறது. ஆகவேதான், ஒரு கட்டளைக் கருவியை உலகுக்கு வெளியிடுமுன் அதைப் பல இயங்குதளங்களில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். அச்சோதனை யாது, அதைச் செய்யாவிட்டால் என்ன கேடு விளையும் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி. பொறியியல் படித்தவன் அல்லேன். ஆயினும் இத்தகைய கேடு ஒன்றில் எனக்கும் பங்குண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

கட்டளைக் கருவி என்பது யாது? இன்று நாம் கணிப்பொறியில் படங்களைத் தொட்டும் பொத்தான்களை அழுத்தியும் வேலை செய்கிறோம். அதற்கு முன்னிருந்தே வழங்கிவரும் முறை, ஒரு வரியில் கட்டளையைத் தட்டச்சு செய்து விடையைப் பெறுவது. வரிகளை வரிசைப்படுத்த ஒரு கட்டளை, எண்ணுவதற்கு ஒன்று, ஒரு சொல்லை மாற்றி வேறொரு சொல்லை இடுவதற்கு ஒன்று, தேதியைச் சொல்ல ஒன்று என இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு வேலையைச் செய்யும். கொத்தனாரின் கரண்டியும் ரசமட்டமும் தூக்குக் குண்டும் போல, தனித்தனியே சிறியவை. சேர்ந்தால் மாளிகை எழுப்பக் கூடியவை. வங்கிகள், இரயில்வே, மருத்துவமனைகள் ஆகியவற்றின் பெரிய கணிப்பொறிகளிலும் திரைக்குப் பின்னே இவை இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

இக்கருவிகளின் பூர்வீகம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த பெல் ஆய்வுக்கூடம். அங்கே 1969-ஆம் ஆண்டில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1973-இல் அதை ‘சி’ என்னும் மொழியில் திருப்பி எழுதினர். அதன் பயனாக, ஒரு வகைப் பொறிக்கே உரியதாக இருந்த அது வேறு பொறிகளுக்கும் பெயரத் தகுதி பெற்றது. குடும்பம் பெருகிற்று, கிளைகள் பிரிந்தன. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டி. என்னும் கிளை வளர்ந்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டம் அதே கருவிகளை யாவரும் தடையின்றிப் பயன்படுத்தும் வண்ணம் புதிதாக எழுதிற்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸுடன் குனூவின் கருவிகள் சேர்ந்துகொண்டன. மாக் கணிப்பொறிகளில் உள்ள கருவிகளிற் பல பி.எஸ்.டி. வழி வந்தவை. விண்டோஸோ முற்றிலும் வேறு மரபினது.

ஒரு வீட்டுப் பிள்ளைகள் நான்கு ஊர்களில் வளர்ந்தால் பேச்சு மாறாதா? மாறிற்று. அதை ஓரளவேனும் ஒழுங்குபடுத்த 1988-இல் ‘போசிக்ஸ்’ என்னும் பொதுத் தரம் வகுக்கப்பட்டது. 1992-இல் கட்டளைக் கருவிகளுக்கும் விதிகள் வந்தன. ஆனால் தரநூல் சொல்லாமல் விட்ட இடங்கள் உண்டு. அவ்விடங்களில் ஒவ்வொரு கிளையும் தன் விருப்பப்படியே நடந்துகொண்டது. வேற்றுமைகள் பெரும்பாலும் அங்கேதான் மறைந்து கிடக்கின்றன.

சில உதாரணங்களைக் கேளுங்கள். ‘ஃபைண்ட்’ என்றொரு கட்டளை யுனிக்ஸ் மரபில் இருக்கிறது. அது கோப்புகளைத் தேடித் தரும். விண்டோஸிலும் ‘ஃபைண்ட்’ இருக்கிறது. அது கோப்புக்குள்ளே இருக்கும் சொல்லைத் தேடும். மேலே சொன்ன ‘உபன்யாஸ்’ கதைதான்.

‘செட்’ என்னும் கட்டளை ஒரு கோப்பில் உள்ள சொற்களை மாற்றும். மாற்றத்தை அந்தக் கோப்பிலேயே செய்துவிடு என்பதற்கு ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லினக்ஸில் அத்துடன் போதும். மாக்கிலோ, பழைய கோப்பின் நகலுக்கு என்ன பின்னொட்டு இடுவது என்பதையும் அந்த எழுத்தின் பின்னே சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால், அடுத்து வரும் சொல்லையே அது பின்னொட்டாகக் கொள்ளும். லினக்ஸில் பழகியவர் அதே வரியை மாக்கில் இட்டால், ஒன்று கட்டளை புரியவில்லை என்று பிழை வரும். அல்லது யாரும் கேளாத ஒரு நகல் கோப்பு விசித்திரமான பெயருடன் உருவாகி நிற்கும்.

‘டபிள்யூ.சி.’ என்னும் கட்டளை வரிகளை எண்ணும். ஐந்து வரிகள் இருந்தால் லினக்ஸ் ‘5’ என்று மட்டும் எழுதும். மாக் அந்த 5-க்கு முன்னால் சில வெற்றிடங்களை இட்டு எழுதும். நம் கண்ணுக்கு இரண்டும் ஐந்துதான். ஆனால் அவ்விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வேறொரு நிரலுக்கு அவை இரு வேறு விடைகள்.

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வுகள் எழுதிய நேயர்களுக்கு மற்றோர் உதாரணம் உடனே விளங்கும். பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும்: தாள் தாங்கிய வண்டியை முதலிடத்துக்குத் தள்ள வேண்டும், தாள் ஒரு வரி மேலே ஏற வேண்டும். தந்தி அச்சுப் பொறிகள் இவ்விரண்டையும் இரு தனிக் குறிகளாகவே கொண்டன. விண்டோஸ் இன்றும் வரியின் முடிவில் அவ்விரு குறிகளையும் இடுகிறது. யுனிக்ஸ் மரபோ, தாளை ஏற்றும் குறி ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டது. விண்டோஸில் எழுதிய கட்டளைத் தொகுப்பை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுசென்றால், கண்ணுக்குத் தெரியாத அந்த ‘வண்டி திருப்பும்’ குறி வரிக்கு வரி வால்போல் ஒட்டிக்கொண்டு, சரியான கட்டளையையும் பிழையாக்கிவிடுகிறது.

இனி, நான் சொல்வதாக வாக்களித்த என் சொந்த அனுபவம். இது 2015-ஆம் ஆண்டில் நடந்தது. நான் அப்போது பணியாற்றிய அலுவலகத்தில், வெளியூர் மொழிபெயர்ப்பாளர்கள் ஊதியத்துக்கு மொழிபெயர்த்து அனுப்பும் தமிழ்க் கோப்புகளைச் சரிபார்த்துப் பட்டியலிடும் வேலை என்னுடையது. கணிப்பொறி அறிந்த இளைய நண்பர் ஒருவர் எனக்காக ஒரு சிறு கட்டளைக் கருவியை எழுதித் தந்தார். எதிர்பார்க்கும் கோப்புப் பெயர்களின் பட்டியலை ஒரு பக்கமும், வந்து சேர்ந்த கோப்புகளை மறு பக்கமும் வைத்து ஒப்பிட்டு, ‘வந்தது’, ‘வரவில்லை’ என்று அது எழுதும். லினக்ஸ் கணிப்பொறி ஒன்றில் அதைச் சோதித்தோம். ஐம்பது கோப்புகளுக்கும் சரியான விடை சொல்லிற்று. மகிழ்ச்சியோடு பயன்படுத்தத் தொடங்கினேன்.

மூன்றாம் மாதம், மும்பையிலிருந்து மொழிபெயர்த்து வந்த ஓர் அம்மையாரின் பெயருக்கு எதிரே மூன்று ‘வரவில்லை’கள் விழுந்தன. வயதில் மூத்தவர்; ஒரு நாளும் தாமதம் செய்தறியாதவர். நான் பட்டியலை நம்பினேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டுச் சற்றே கடுமையான ஒரு கடிதமும் எழுதினேன். ஊதியம் நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்றையும் குறித்த நாளில் அனுப்பிவிட்டதாக அவர் பணிவோடு பதில் எழுதினார், மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் ‘வரவில்லை’ என்றது கருவி. ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன.

ஒரு மாலை கோப்புகள் இருந்த இடத்தை நானே திறந்து பார்த்தேன். ‘கொள்கை’, ‘கோரிக்கை’, ‘பொதுவிதி’ என்ற மூன்றும் கண்ணெதிரே இருந்தன! ‘கடிதம்’, ‘அறிக்கை’ என்று அவரே அனுப்பிய மற்ற இரண்டையும் கருவி முன்பே கண்டுகொண்டிருந்தது. கொம்பும் காலும் உடைய எழுத்துகள் வந்த பெயர்களை மட்டும் அது காணவில்லை.

காரணம் இதுதான். கணிப்பொறி எழுத்துகளை எண்களாக வைத்திருக்கிறது. அந்த எண்களை வகுக்கும் உலகப் பொதுமுறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் ‘கொ’ என்பதை இரு விதமாக எழுத இடமுண்டு. ‘க’ என்ற எழுத்தும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும் என இரண்டு எண்களாக எழுதலாம். அல்லது ‘க’, கொம்பு, கால் என மூன்று எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் அணுவளவும் வேற்றுமை இராது. இவை இரண்டும் சமமே என்று யூனிகோடு விதித்திருக்கிறது. எனினும் அக்காலத்து மாக் கணிப்பொறியின் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே சேமித்து வைக்கும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளோ, வந்த எண்களை வந்தபடியே வைக்கும். இரண்டு சமம் என்பதைக் கருதிப் பாராது. அம்மையார் வேலை செய்தது மாக் கணிப்பொறியில். கோப்புகளைச் சேர்த்துக் கட்டி அவர் அனுப்பியபோது பெயர்களும் பிரிந்த வடிவிலேயே வந்தன. எங்கள் பட்டியலில் இருந்தவை சேர்ந்த வடிவின. சேமிப்பில் முதல் ‘கொ’ 6 பைட்டுகள். இரண்டாம் ‘கொ’ 9 பைட்டுகள். கருவி இவ்விரண்டையும் ஒப்பிட்டு ‘வேறு’ என்றது.

ஒப்பிடுமுன் இருபுறப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி நண்பர் கருவியில் இரண்டு வரிகள் சேர்த்தார்; குறை தீர்ந்தது. ஊதியத்தை உடனே அனுப்பச் செய்தேன்; மன்னிப்புக் கேட்டு அம்மையாருக்கு எழுதினேன். பெருந்தன்மையோடு மன்னித்தார். ஆயினும் அடுத்த ஆண்டு அவர் எங்களுக்கு வேலை செய்ய ஒப்பவில்லை. நாங்கள் செய்த சோதனை பொய்யன்று. ஐம்பதுக்கு ஐம்பதும் சரியாகவே வந்தது. ஆனால் அந்த ஐம்பது கோப்புகளும் ஒரே வகைக் கணிப்பொறியில் பிறந்தவை. ஓர் ஊரில் சோதித்துவிட்டு எல்லா ஊர்களுக்கும் தீர்ப்பு எழுதினோம். அத்தீர்ப்பு போய் விழுந்தது, எங்கள் சோதனை அறையை ஒரு நாளும் கண்டிராத ஒருவர் தலையில்.

தமிழுக்கு உரிய இடர் இன்னும் சில உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்து எத்தனை என்றால் நம் இலக்கணம் மூன்று என்னும். யூனிகோடு முறையில் அது ஐந்து எண்கள். யூ.டி.எஃப்.-8 என்னும் வழக்கமான சேமிப்பில் 15 பைட்டுகள். எழுத்தை எண்ணும் கருவி எந்தக் கணக்கில் விடை சொல்லுகிறது என்பது, அது எந்த இயங்குதளத்தில், எந்த மொழிச் சூழலில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வரிசைப்படுத்துவதும் அப்படியே. தமிழ் அகராதியில் ‘கமலம்’ முன்னும் ‘கனி’ பின்னும் வரவேண்டும். னகரம் மெய்வரிசையில் கடைசி அல்லவா? யூனிகோடு எண் வரிசையிலோ னகரம் மகரத்துக்கு முன்னே நிற்கிறது. தமிழ்ச் சூழலும் அதற்குரிய வரிசை விதிகளும் நிறுவப்படாத கணிப்பொறியில் ‘கனி’ முந்திக்கொள்ளும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது.

எச்சரிக்கை வராத பிழையே ஆபத்தானது. இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று சொல்லுகிறேன். 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10 என்னும் லினக்ஸ் பதிப்பில், பழைய குனூ கருவிகளுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய கருவிகளை வைத்தனர். ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று கேட்டால் அத்தேதியைச் சொல்ல வேண்டிய ‘டேட்’ கட்டளை, அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டு, அப்போதைய நேரத்தையே விடையாகத் தந்தது. பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. விளைவாக, அதை நம்பியிருந்த சில கணிப்பொறிகள் புதிய திருத்தங்கள் வந்திருக்கின்றனவா என்று தாமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டன. குறை விரைவில் திருத்தப்பட்டது. குனூவின் சோதனைத் தொகுப்பையே தம் கருவிகள்மீதும் ஓட்டிப் பார்க்கும் நல்ல வழக்கம் உடையவர்கள் அந்தப் புதிய கருவிகளின் ஆசிரியர்கள். அப்படியிருந்தும் ஓர் ஓட்டை தப்பிவிட்டது.

அப்படியானால் முறையாகச் சோதிப்பது எவ்வாறு? குனூவின் அடிப்படைக் கருவித் தொகுப்பில் நூறு அளவிலான கட்டளைகள் அடங்கியுள்ளன. அதன் பொறுப்பாளர்கள் புதிய பதிப்பை வெளியிடுமுன் ஒரு முன்படியைப் பொதுவில் வைக்கிறார்கள். நூலாசிரியர் அச்சுக்கு முன் பார்வைப் பிரதியை அறிஞர்களுக்கு அனுப்புவதை ஒப்பது இது. பல நாடுகளிலுள்ள அன்பர்கள் அதைத் தத்தம் கணிப்பொறிகளில் கட்டமைத்துச் சோதனைத் தொகுப்பை ஓட்டுகிறார்கள். ஒருவரிடம் மாக், இன்னொருவரிடம் ஃப்ரீ-பி.எஸ்.டி., மற்றொருவரிடம் பழைய சொலாரிஸ். ஒவ்வொரு சோதனையிலும் இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வரவேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். வந்த விடையை அதனோடு ஒப்பிடுவது பொறியின் வேலை.

விடை மட்டுமன்றி, கருவி விட்டுச் செல்லும் முடிவு எண்ணையும் பார்க்க வேண்டும். வேலை நன்கு முடிந்தால் 0; முடியாவிட்டால் வேறோர் எண் என்பது மரபு. மற்றக் கருவிகள் அவ்வெண்ணைப் பார்த்தே மேலே செல்லுகின்றன. வேலை கெட்டிருக்க 0 என்று சொல்லும் கருவி, பொய்ச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரியைப் போன்றது.

நல்ல சோதனையாளர் நேர்வழியில் மட்டும் நடப்பதில்லை. வெற்றுக் கோப்பைக் கொடுத்துப் பார்ப்பார். கடைசி வரி முடியாமல் நிற்கும் கோப்பைக் கொடுப்பார். பெயரின் நடுவே இடைவெளி உள்ள கோப்பு, சிறு கோட்டில் தொடங்கும் பெயர், தமிழ்ப் பெயர் ஆகியவற்றைக் கொடுப்பார். எழுத இடமின்றி வட்டு நிரம்பிவிட்டால் என்ன செய்கிறது என்றும் பார்ப்பார்.

சோதனை முடிவுகளில் மூன்று சொற்கள் முக்கியமானவை: தேறியது, தவறியது, விடப்பட்டது. தவறியதை யாவரும் கவனிப்பர். விடப்பட்டதைக் கவனிப்போர் சிலரே. வட்டு நிரம்பிவிட்டது போல நடிக்கும் ஒரு சாதனம் லினக்ஸில் உண்டு, மாக்கில் இல்லை. ஆகவே அதைக் கொண்டு செய்யும் சோதனை மாக்கில் விடப்படும். தலைமை அதிகாரம் வேண்டும் சோதனைகளை ஒரு சாதாரணப் பயனர் ஓட்டினால் அவையும் விடப்படும். தமிழ்ச் சூழல் நிறுவப்படாத பொறியில் தமிழ்ச் சோதனையும் அவ்வாறே ஆகும். பிழை ஒன்றும் இல்லை என்று அறிக்கை கூறும்போது, சோதியாமல் விட்டவை எத்தனை என்றும் கேட்க வேண்டும். தேர்வு எழுதாத மாணவனைத் தேறியவர் கணக்கில் சேர்க்கலாமா?

நேயர்களே, உங்களில் பலர் பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறீர்கள். வேறு பலர் என்னைப் போல அலுவலகங்களில் அவற்றைப் பயன்படுத்துகிறீர்கள். கருவி எழுதுவோருக்கு என் வேண்டுகோள்: உங்கள் சோதனைக் கோப்புகளில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் இரு வடிவிலும் சேர்த்து வையுங்கள், இரண்டு இயங்குதளங்களிலேனும் ஓட்டிப் பாருங்கள். பயன்படுத்துவோருக்கு: கருவி தவறு செய்தால் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, இட்ட கட்டளை என்ன, எதிர்பார்த்த விடை என்ன, வந்த விடை என்ன என்ற ஐந்தையும் எழுதுங்கள். தமிழ்க் கோப்பால் நேரும் பிழையைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தாம் முதலில் காண முடியும்.

நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ‘வரவில்லை’ என்று பட்டியல் சொன்னால், யாருக்கும் கடிதம் எழுதுமுன் கோப்புகள் இருக்கும் இடத்தை ஒரு முறை என் கண்ணாலேயே பார்த்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலைதான். அன்று அதைச் செய்திருந்தால், மும்பையில் ஒருவர் ஆறு வாரம் மனம் வருந்தியிருக்க மாட்டார்.